கோமதி வளைத்த கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மாட்டுத்தாவணியில் தென்காசிப் பேருந்தில் ஏறும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. தோள்பையில் பத்துப் பதினோரு கிலோ இரும்பு. இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்த பையை நடத்துநர் காலால் நகர்த்தப் பார்த்தார். அது நகரவில்லை.

"உள்ள என்ன சார், அம்மிக்கல்லா?"

"கம்பிங்க."

"கட்டட வேலையா?"

"இல்லைங்க. கையால வளைக்கிறதுக்கு."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆளுக்கு நூற்று நாற்பத்தைந்து ரூபாய் என்று இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பைத்தியக்காரனிடம் எதற்குப் பேச்சு என்று விட்டிருக்கலாம்.

வெறுங்கையால் இரும்புக் கம்பி வளைப்பது எங்கள் பொழுதுபோக்கு. ஏழு அங்குலக் கம்பியின் இரு முனைகளிலும் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, மார்புக்கு நேரே பிடித்து, முனைகள் இரண்டு விரல் இடைவெளிக்குள் வரும்வரை கொண்டை ஊசி போல மடக்க வேண்டும். மாநிலம் முழுவதும் சேர்த்து நாற்பது, ஐம்பது பேர் இருப்போம். கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். கம்பியின் கடுமையைப் பொறுத்து நான்கு படிகள் வகுத்திருக்கிறோம். நாலாம் படியை எட்டியவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

என் வலது மணிக்கட்டு தேய்ந்துபோனதால் நான் வளைப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் என்பதால், கம்பிக்குப் படி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஒரே தடிமனும் ஒரே நீளமும் உள்ள இரண்டு கம்பிகள் ஒரே மாதிரி வளைவதில்லை. எந்த உருக்கு, எப்படி இழுத்தார்கள், எவ்வளவு சூடு காட்டினார்கள் என்பதெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு படிக்கும் மாதிரிக் கம்பி சில வைத்திருக்கிறேன். புதுக் கம்பி வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோமதி. ஆலங்குளத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். எட்டு மில்லி கம்பியை மடக்கி முடித்த வீடியோவை அவர் குழுவில் போட்டார். அது நாலாம் படியாக ஏற்கப்பட்டால், எங்களில் அதை எட்டிய முதல் பெண் அவர்தான். போட்ட கொஞ்ச நேரத்தில் தவமணி எழுதினான்: "கம்பி இளகினது. தொடக்கத்திலேயே தெரிகிறது." அதிலிருந்து ஒரே சண்டை. கடைசியில் கோமதியே எழுதினார்: "மிச்சக் கம்பி என்னிடம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்."

தவமணி என் பால்ய நண்பன். மதுரையில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வெயில் கூடவே வந்தது. புளியங்குடி தாண்டிய பிறகு வலது பக்கம் மலை மேகத்துக்குள் போனது. கடையநல்லூரில் கண்ணாடியில் சாரல் பட ஆரம்பித்தது. ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர். தென்காசியில் இறங்கும்போது மணி பத்து தாண்டியிருந்தது. சீசன் ஞாயிறு என்பதால் நிலையம் முழுக்கத் துண்டும் எண்ணெய் பாட்டிலுமாகக் குற்றாலத்துக் கூட்டம். நாங்கள் இருவர் மட்டும் எதிர்த் திசைக்கு ஆட்டோ பேசினோம். முன்னூறு ரூபாய்.

"பூ பாக்கப் போறியளா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை, ஒரு டீச்சரைப் பார்க்க."

"இப்பம் அந்த ஊருக்குப் போறவனெல்லாம் பூ பாக்கத்தான் போறான். டீச்சரப் பாக்கப் போற மொத ஆளு நீங்கதான்."

ஊருக்கு வெளியே சாலையின் இரு பக்கமும் சூரியகாந்தி. காற்றில் எல்லாப் பூவும் ஒரே பக்கம் ஆடின. ஒரு வயலின் ஓரத்தில் கையில் மண்வெட்டியோடு நின்ற ஒருவர், படம் எடுக்க இறங்கிய இளைஞர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "ஏலே, வரப்போட நில்லுங்கலே! உள்ள எறங்காதிய!" வழி கேட்கப் போனால், அவர்தான் கோமதியின் கணவர் முருகையா.

"கம்பிக்காரங்களா? வாங்க வாங்க. படம் புடிக்க வாரவன் பூவையா பாக்கான், அவன் மூஞ்சியத்தான் பாக்கான்" என்று சொல்லிக்கொண்டே எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

கோமதிக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. இந்தக் கையா வளைத்தது என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். வாசலிலேயே என் பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சாப்புடுதியளா அண்ணாச்சி, இல்ல மொதல்ல கம்பியா?"

"கம்பியைப் பார்த்துவிடலாம்" என்றேன். சாப்பிட்ட வீட்டில் பாதகமாகப் பேசுவது கஷ்டம்.

வீட்டுக்குப் பின்னால் மோட்டார் அறை. இரண்டு சிமெண்ட் கட்டைகளின் மேல் நான் கொண்டுபோன இரும்புத் தாங்கிகளை வைத்து, குறுக்கே நாலாம் படி மாதிரிக் கம்பியைக் கிடத்தினேன். நடுவில் ஒரு கொக்கி. கொக்கியில் முருகையா அரிசிச் சிப்பங்களைக் கட்டினார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. இடைப்பட்ட எடைக்கு வாளியில் மணல். மாதிரிக் கம்பி மூன்று சிப்பத்தைத் தாங்கியது. அதற்கு மேல் அரை வாளி மணல் கொட்டிய பிறகுதான் வளைந்தது. அடுத்து கோமதியின் மிச்சக் கம்பியில் ஒரு துண்டு. இரண்டாவது சிப்பம் ஏறியதுமே தொய்ந்துவிட்டது.

தவமணி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

கோமதி குனிந்து அந்தத் துண்டையே பார்த்தார். "இன்னொரு துண்டு போடுங்க" என்றார். போட்டோம். அதுவும் அப்படியே.

எனக்கு ஒரு சந்தேகம். பையிலிருந்து காந்தத்தை எடுத்து நேராக இருந்த ஒரு துண்டில் வைத்தேன். ஒட்டவில்லை. கோமதிக்குக் கடைக்காரர் விற்றது சாதா இரும்பு இல்லை, எவர்சில்வர் கம்பி. வீடியோவில் அவர் மடக்கிய கம்பியைக் கேட்டு வாங்கினேன். முனைகளில் காந்தம் ஒட்டவில்லை. வளைவில் வைத்தபோது மட்டும் லேசாகப் பிடித்து இழுத்தது. முருகையா காந்தத்தை வாங்கி நாலைந்து முறை வைத்து வைத்துப் பார்த்தார்.

"இதென்ன கூத்து? ஒரே கம்பிதான?"

"வளைக்க வளைக்க இந்த உருக்கு இறுகும். வளைந்த இடத்தில் அதன் குணமே மாறிப்போகும்" என்றேன். "தொடங்குவது சுலபம். முடிப்பதுதான் கஷ்டம். நம்முடைய சிப்பம் தொடக்கத்தை மட்டும்தான் அளக்கும்."

தவமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொண்டா, நான் மடக்கிக் காட்டுறேன்" என்று ஒரு துண்டை எடுத்துத் துணி சுற்றினான். முதல் தள்ளலிலேயே கம்பி முக்கால்வாசி செங்கோணத்துக்கு வந்துவிட்டது. "பாத்தியா மாப்ள?" என்றான். அதற்கு மேல் சுலபமாக வரவில்லை. மூச்சு வாங்கினான், பிடியை மாற்றினான், மறுபடி அழுத்தினான். செங்கோணம் தாண்டியதும் கம்பி சுவர் மாதிரி நின்றது. மூன்றாவது முயற்சியில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீழே போட்டுவிட்டான்.

கோமதி இன்னொரு துண்டை எடுத்தார். அவர் அவசரப்படவில்லை. செங்கோணம் வரை தவமணியைவிட மெதுவாகத்தான் வந்தார். பிறகு இரண்டு முழங்கைகளையும் விலாவில் ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. முனைகள் இரண்டு விரல் இடைவெளிக்குள் வந்ததும் என் கையில் கொடுத்தார். கம்பி சுட்டது.

வீடியோவில் பொய் இல்லை. ஆனால் கேள்வி அது இல்லை, நாலாம் படிக் கம்பி அவருக்கு வளையுமா என்பதுதான். என் நாலாம் படி மாதிரிக் கம்பி ஒன்றை நீட்டினேன். அவருக்கு ஏன் என்று புரிந்தது. துணியைச் சுற்றினார், தள்ளினார். கம்பி அசையவில்லை. மூன்று முறை பார்த்தார். முடி அளவுக்குக்கூட வளையவில்லை.

"எனக்கு அதைத் தொடங்க வரும்" என்றான் தவமணி, தரையைப் பார்த்தபடி. "முடிக்கத்தான் வந்ததில்ல. இதுவரைக்கும் ஒரு தடவகூட." அவனுக்கு நாலாம் படி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத்தான் குழுவில் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும்தான்.

கோமதி என்னைப் பார்த்தார். "சொல்லுங்க அண்ணாச்சி. எத்தனாம் படி?"

"நாலுன்னு சொல்ல முடியாதும்மா."

"அப்பம் மூணா?"

"மூணுன்னும் சொல்ல முடியாது. உங்க கம்பியோட கடைசிப் பாதி நாலைவிடக் கஷ்டம்."

"பின்ன என்னன்னுதான் போடுவிய?"

"தெரியல."

"தெரியலன்னு சொல்லவா மதுரையிலருந்து இம்புட்டுத் தூரம் வந்திய?"

நான் தாங்கிகளை எடுத்துப் பையில் வைத்தேன். முருகையாதான், "சோறு ஆறுது, வாங்க" என்றார். சாம்பாரும் அவியலும் நன்றாக இருந்தன. பரிமாறியது முருகையா. கோமதி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனோம். குற்றாலத்தில் அறை வாடகை ஆயிரத்து எண்ணூறு. சீசன் விலை. தண்ணீர் நன்றாக விழுந்தது. வரிசையில் வெகுநேரம் நின்று, அடியில் சிறிது நேரம்தான் நிற்க முடிந்தது. பின்னால் நின்றவர் தள்ள, முன்னால் நின்றவர் முறைக்க, போலீஸ்காரர் விசில் ஊத, எண்ணெய் மணத்தோடு வெளியே வந்தோம். சூடான நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினோம். தோல் உரிந்த கையில் உப்புப் பட்டுத் தவமணி முகத்தைச் சுளித்தான்.

"அந்தம்மா சரியாத்தான் மடக்குது" என்றான் நடந்துகொண்டே. "எனக்கு வீடியோவைப் பார்த்தப்பவே தெரியும், மாப்ள. ஒரு டீச்சர் ஸ்கூல் விட்டு வந்து நாலை முடிச்சிருச்சுன்னா, நான் இத்தனை வருஷமா என்ன கிழிச்சேன்னு ஒரு இது."

அறைக்குத் திரும்பினோம். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. இனி யாருடைய கம்பிக்கும் படி சொல்லப்போவதில்லை என்று படுக்கும்போது முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தென்காசிப் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கோமதி வந்தார். பள்ளிக்குப் போகும் புடவை, தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுக் கூடை. வழக்கமாகப் பாவூர்சத்திரம் வழியாக ஆலங்குளம் போகிறவர், அன்று எங்களுக்காகச் சுற்றி வந்திருந்தார்.

"நேத்து பேசுனது கொஞ்சம் கூடிப்போச்சி அண்ணாச்சி. ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. சிப்பம் பொய் சொல்லாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நாலாங் கம்பிய இன்னொரு தடவ குடுங்க" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூடையை பெஞ்சில் வைத்துவிட்டு, துணி சுற்றித் தள்ளினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பி அசையவில்லை. இன்னொரு முறை. இல்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. கம்பியை என் பக்கம் நீட்டினார்.

நடுவில் தவமணி கை நீட்டி வாங்கினான். உரிந்த கையில் கைக்குட்டையைக் கட்டி, மேலே துணியைச் சுற்றினான். "ஊப்" என்று ஒரு சத்தம். கம்பியின் நடுவில் தெளிவாக ஒரு மடிப்பு விழுந்தது. இன்னொரு தள்ளல். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"இந்தாம்மா. மிச்சம் உங்களோடது."

"இது ரூல்ஸ்ல கெடையாதே."

"ரூல்ஸுக்கு இல்ல. சும்மா."

கோமதி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அவர் வாங்கிக்கொண்டார். முழங்கை விலாவில் ஒட்டியது. ஆலங்குளம் வழி திருநெல்வேலி வண்டி பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் காதில் விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முனைகள் நெருங்கின. டீக்கடைக்காரர் பாய்லரை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார். இரண்டு விரல் இடைவெளிக்குள் வந்தது.

"டீச்சர், வருதியளா இல்லியா?" என்று நடத்துநர் கத்தினார். அவரைத் தெரிந்த நடத்துநர் போலிருக்கிறது. கோமதி சிரித்துக்கொண்டே கம்பியைத் தவமணியிடம் நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் அதைச் சாப்பாட்டுக் கூடைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

எங்கள் பேருந்து எட்டேகாலுக்குக் கிளம்பியது. புளியங்குடி வரை சாரல் கூட வந்தது. அதற்குப் பிறகு வழக்கமான வெயில், வழக்கமான புழுதி. மதுரையில் போன மாதம் பெய்ய வேண்டிய மழையே இன்னும் பெய்யவில்லை. ராஜபாளையம் தாண்டியதும் கைபேசியை எடுத்துக் குழுவுக்கு எழுதினேன். கோமதியின் வீடியோ உண்மை. கம்பி எவர்சில்வர். தொடக்கம் மூன்றுக்கும் குறைவு, முடிவு நாலுக்கும் மேல். அதற்குப் படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாலாம் படிக் கம்பியை அவரால் தொடங்க முடியவில்லை.

அனுப்பும் முன் தவமணியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"இதோட நிறுத்தாத மாப்ள" என்றான். "தவமணியால முடிக்க முடியலன்னும் போடு."

போட்டேன்.