வேலியிட்ட சிறு தோட்டம் என்றொரு குடும்பப் பெயர்

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பிரெஞ்சுப் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் மிகச் சில. எழுதினால் வீட்டு வாசலைக் காட்டிவிட்டதாகும். நடுவில் ஓர் ஒலியை மூக்கால் சொல்ல வேண்டும், கடைசி எழுத்து ஒலிக்காது என்பது மட்டும் போதும். அப்பா வீட்டில் அப்படித்தான் சொல்வார். அவர் போன பிறகு அப்படிச் சொல்ல ஆளில்லை.

வெளியே, ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ஒன்றுவிடாமல் வாசித்தவர்களை அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையைப் பார்த்து மேலாளர் ஒரு விதமாகவும் சமையல்காரர்கள் வேறு விதமாகவும் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இதோ வந்துகினே கீறேன்!"

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், சாதி வழக்கங்களைத் துறப்பதாகப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். கையகல நிலமும் இல்லாத பண்ணையாளான என் கொள்ளுத்தாத்தா எடுத்துக்கொண்ட பெயர் இது. கல்லூரி நூலகத்தின் பிரெஞ்சு அகராதியில் பொருள் தேடினேன்: வீட்டை ஒட்டி வேலியிட்ட சிறு தோட்டம். அதை அப்பாவிடம் சொல்ல ஏனோ வாய்க்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பின், என் வேலையை முன்னிட்டு ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, படியேறுவது பெரும்பாடாயிற்று. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. பார்க்கப் போனதுமே, கிரைண்டரை எங்கே வைப்பது என்று அம்மா தீர்மானித்துவிட்டார்.

வீட்டுக்காரர் அப்பாவின் ஆதார் நகலை வாங்கிப் பெயரை நீட்டி வாசித்தார். "ஃபாரின் பேரு மாரி கீதே! நீங்க சட்டைக்காரங்களா சார்?" ஆங்கிலோ இந்தியர்களா என்பதுதான் கேள்வி. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சில வீடுகளைப் பெற்றுத் தந்திருக்கிறது. கேட்பவர் தமக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வார். இவர் விடவில்லை.

"அர்த்தம் இன்னா சார்?"

"தெரியாதுங்க."

நான் பேசினால் அம்மா என்ன இழப்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பேசாவிட்டால் அடுத்த வீட்டிலும் அப்பா இதே சிரிப்பைச் சிரிக்க வேண்டும். அர்த்தத்தைச் சொன்னேன், பத்திரத்தையும் சொன்னேன்.

"சாதியே வேணான்னு எழுதிக் குடுத்தாரா? பெரிய மனுசன்தான்." வீட்டுக்காரர் தலையாட்டினார். பிறகு, "அதான், எந்தச் சாதிய வேணான்னாரு?" என்றார்.

அதையும் சொன்னேன்.

நகலை மடித்து அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். "மச்சான் ஒருத்தர் ஏற்கெனவே கேட்டுக்கினு இருந்தாரு. பாத்துட்டு போன் பண்றேம்பா."

அதுவரை சார் என்றவர் அவர். போன் வரவில்லை.

திரும்பும் வழியில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?" என்னிடம் பதில் இருந்தது; அவர் முழங்காலுக்கு முன் அதைச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பக்கத்து வீட்டார் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்தார். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். பெயரின் அர்த்தம் அவருக்கு உண்மையிலேயே தெரியாமல்தான் இருந்திருக்கிறது என்பது அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது.

"தோட்டம்னா... எம்மாம் பெருசு இருக்கும்?"

"சின்னதுப்பா. கீரை போடலாம்."

"முருங்க ஒண்ணு வெக்கலாமா?"

"வெக்கலாம்."

அப்பா பெயரை ஒருமுறை மெல்ல, மூக்கால் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"கீரைய அப்பால பாக்கலாம்," என்றார் அம்மா. "அந்த எடத்துல படி இல்லாம ஒரு வூடு கட்டித் தரச் சொல்லு ஒங்க கொள்ளுத்தாத்தாவ!"

மூவரும் சிரித்தோம். பிறகு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்னும் ஒரு மாடி இருந்தது.