மகளின் பெயருக்கு எதிரே ஒரு எழுத்து

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் மகள் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடும் கழகத்தில் பெற்றோருக்கும் வேலை உண்டு. சிலர் கேக் செய்து கொண்டுவருவார்கள். எனக்கு வந்தது பெண்கள் அணியின் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை. பெயர், இலக்கம், உயரம், நிறை, கடைசியில் அனுபவம். அனுபவத்தை அமெரிக்கத் தொழில்முறை அணிகள் எழுதுவது போலவே எழுதவேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். புதிதாக வந்தவருக்கு, ரூக்கி என்பதன் முதல் எழுத்தான ஆர். இரண்டாம் பருவத்துக்கு 2. அப்படியே ஏறிக்கொண்டு போகும்.

மகளின் பெயருக்கு எதிரே ஆர் போட்டேன். போன வருடம் முதல் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பயிற்சியில் விழுந்து அவளுக்கு முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. வேலியோரம் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. இப்போதும் கதவு அடித்துச் சாத்தினால் நெஞ்சு திடுக்கிடுகிறது.

மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தாள்.

"என்னப்பா, என்னைப் புதுசு எண்டு போட்டிருக்கிறியள்?"

"நீ ஒரு மட்சும் விளையாடேல்லைத்தானே, பிள்ளை."

"காயப்பட்டு டீமிலை இருந்தா அந்த வருசமும் கணக்குத்தான். அமெரிக்காவிலையும் அப்பிடித்தான். இஞ்சை பாருங்கோ."

கைபேசியில் ஒரு அணியின் பட்டியலைக் காட்டினாள். முதல் வருடம் முழுக்கக் காயத்தோடு கிடந்த ஒருவனுக்கு நேரே 2 என்றிருந்தது.

"அது அவ்வளவு முக்கியமோ?"

"ஊன்றுகோலோடை ஒவ்வொரு ட்ரெயினிங்குக்கும் போனன். போத்தலுக்குத் தண்ணி நிரப்பினன், வீடியோ எடுத்தன். நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள். மறந்திட்டியளோ?"

மறக்கவில்லை. மைதானத்தைப் பார்க்க ஏலாமல் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன். அந்த வருடம் நடக்கவேயில்லை என்றால் எனக்கு நிம்மதி. கை தானாக அந்த எழுத்துக்குப் போனது அதனால்தான். அவளுக்கோ அது அவள் பாடுபட்டுக் கடந்த வருடம்.

எழுத்தை அழித்துவிட்டு 2 என்று அடித்தேன்.

"இப்ப சரி," என்றாள். "ரூக்கி நீங்கள்தான். ஒரு மட்சும் முழுசாப் பாக்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வந்தவர்களுக்கு மைதான வாசலில் பட்டியல்களைக் கொடுத்து முடித்தபின் காருக்குப் போகவில்லை. கடைசி வரிசையில் இருந்தேன். முதல் மோதலிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் எழுந்து நின்று கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.