தண்ணீர் போகும் வழி

வெள்ளம் வடியத் தொடங்கி நாலாம் நாள், எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. ரொட்டி, பிஸ்கட், போர்வை எல்லாவற்றையும் மேலிருந்து வீசினார்கள். கீழே இறங்கினால் அவர்கள் செருப்பு கெட்டுவிடுமாம். ஒரு போர்வை சேற்றில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் தார் பூசியது போல் இருந்தது, ஏனென்றால் அந்தச் சேற்றில் பாதி, ஆலையிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய். கைபேசியில் படமெடுத்தவர் என்னைப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் சிரிங்க” என்றார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். என் கணவர் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். சுனாமியில் குப்பம் போன பிறகு எங்களைக் கொண்டுவந்து இந்த அடுக்குமாடியில் வைத்தார்கள். பள்ளமான இடம் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எங்களுடையது கீழ்த்தளம். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. என் மிஷினின் மோட்டாருக்குள் எண்ணெய் புகுந்திருந்தது. அது எந்த ஆலையின் எண்ணெய் என்று எங்கள் வாசலுக்கு வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

ரொட்டி வந்துகொண்டே இருந்தது. கக்கூஸ்தான் வரவில்லை. சாக்கடை எதிர்த்து வந்து, கீழ்த்தளக் கழிவறைகள் வழிந்து வீட்டுக்குள் ஓடின. மேல்மாடிகளிலும் தண்ணீர் ஊற்றினால் இறங்கவில்லை. ஆண்கள் எங்கேயோ போய் வந்தார்கள். பெண்கள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டோம். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினோம். வீட்டில் ரொட்டி அடுக்கி வைத்திருக்க, பட்டினி கிடந்தோம். எந்த வேனும் இதைக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் நோட்டு, பொட்டலம் எதுவும் இல்லை. டெல்டா பக்கம் புயலடித்த ஊர்களில் வேலை செய்திருக்கிறாராம். “தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு, எந்தப் பக்கமா வடிஞ்சுச்சு?” என்று என்னிடம் கேட்டார். எதற்கு என்றேன். பெர்மாகல்ச்சர் என்று ஏதோ சொன்னார். வீடு, தண்ணீர், கழிவு, செடி எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும்படி இடத்தை அமைப்பதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வூடு பூரா கலீஜா மெதக்குது. நீ செடி வெக்க வந்துட்டியா? போம்மா!”

அவர் நகரவில்லை. “செடி அப்புறம். முதல்ல கக்கூஸ்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் ஏற்பாட்டில் மரவாடியிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் வந்தது. கூடவே மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்கள். மொட்டைமாடி மட்டும்தான் காய்ந்திருந்தது. அங்கே தார்ப்பாய் கட்டி நாலு மறைப்புகள் போட்டோம். போய்விட்டு இரண்டு கை மரத்தூளை மேலே போட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், நாற்றமும் இல்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் அக்கா முதலில் போய் வந்தார். “அப்பாடா, இன்னிக்குத்தான் வயிறு ரொம்ப சோறு துன்னப் போறேன்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர், படியில் உட்கார்ந்து அழுதார். நிறைந்த டிரம்களை மூடி, ஓராண்டு மக்க வைத்து, மரங்களுக்கு மட்டும் போட்டோம்.

வேன்கள் நின்றுபோன பிறகும் அந்தப் பெண் வாரம் இரண்டு முறை வந்தார். நாங்கள் பத்துப் பேர் அவரோடு குடியிருப்பைச் சுற்றி நடந்தோம். நீளமான ஒரு ட்யூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் அது நிற்கும் மட்டத்தை வைத்தே எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று அளந்தோம். தண்ணீர் தானாக ஓடிய பழைய வாய்க்கால் ஒன்று, பின்புறச் சுவர் ஓரம் கட்டட இடிபாட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தோம். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே நீளமாகப் பள்ளம் வெட்டி, காய்ந்த இலைதழை நிரப்பி, சமையலறைத் தண்ணீரை அதில் திருப்பினோம். ஓரமெல்லாம் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்தோம்.

எண்ணெய் ஊறிய மண்ணில் விளைந்ததைத் தின்னக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். வேறு மண் கொண்டுவந்து மூட்டைகளில் நிரப்பி, மொட்டைமாடியில்தான் கீரை போட்டோம். என் கணவர் ஆற்றுக்குப் போக முடியாத மாதங்கள் அவை. வலை போட்டால் வலையே கறுத்து வந்தது. வீட்டில் உட்கார்ந்து எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதர், மண்வெட்டியைப் பிடித்த பிறகு கொஞ்சம் சாந்தமானார்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் வாசலைத் தொட்டது. ஆனால் காலையில் வந்தது சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. யாருடைய அரிசியும் நனையவில்லை.

அதற்கு வந்த பரிசுதான் ஜேசிபி. குடியிருப்பை அழகுபடுத்துகிறார்களாம், பேவர் பிளாக் போடுகிறார்களாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை ஓய்ந்த ஒரு காலையில், கல்வாழையெல்லாம் சரியும் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன்.

“சார், இன்னா பண்றீங்க? தண்ணி போற வழி சார் இது!”

வேலையை மேற்பார்வையிட்ட என்ஜினீயர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கொசு வரும்மா. உங்களுக்கு நல்லதுதானே செய்றோம்?”

“வெள்ளத்துல எங்க இருந்தீங்கோ? அப்ப கொசு தெரில?”

“அரசாங்க இடம். நகருங்க.”

நகரவில்லை. மிச்சமிருந்த பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தேன். மூன்றாவது மாடி அக்கா வந்து பக்கத்தில் குந்தினார். “தள்ளுடா பாக்கலாம், எங்கள சேத்து தள்ளு” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். இருபது பெண்கள் சேர்ந்துவிட்டோம். மத்தியானம் வண்டி திரும்பிப் போனது. அதற்குள் பாதிப் பள்ளம் போய்விட்டது. இரண்டே நாளில் அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பேவர் பிளாக் பதித்துப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த கோடை மழை ஒரு மணி நேரம்தான் பெய்தது. கல் பதித்த பக்கம் இறங்க இடமில்லாமல் மூன்று வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் ஒன்றில் பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான பெண் இருந்தாள். புகார் கொடுத்தேன். ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. யாரும் வந்து பார்க்கவே இல்லை. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் தீர்ந்துவிட்டது.

இதற்கிடையில், எங்களுக்குக் கக்கூஸ் அமைத்துத் தந்த பெண் என்னை நகரத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார். குளிர்ந்த ஹாலில் ஒரு பெரிய மனிதர், எதையும் தாங்கி மீண்டெழும் வடசென்னை மக்களின் மன உறுதி பற்றி உருகிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். “நாங்க தாங்குறோம்னுதானே சார் திரும்பத் திரும்ப எங்க தலையிலயே கொட்டுறீங்கோ?” என்றேன். யாரோ கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டல் வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முடியும் முன்பே கிளம்பி பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், கடப்பாரை எடுத்துக்கொண்டு இறங்கினோம். இந்த முறை ஆண்களும் வந்தார்கள். பேவர் பிளாக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். அவற்றை வீணாக்கவில்லை. தண்ணீர் புகுந்த மூன்று வீடுகளின் வாசற்படியை அவற்றை வைத்தே உயர்த்தினோம். பள்ளத்தை மறுபடி வெட்டி, தப்பிப் பிழைத்த பக்கத்திலிருந்து கல்வாழைக் கிழங்கைப் பிரித்து நட்டோம்.

செவ்வாய்க்கிழமை என்ஜினீயர் வந்தார். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் கேஸ் போடுவேன் என்றார். “போடு சார். முதல் பேரு என்னுது” என்று சொல்லிவிட்டு, தைக்கிற துணியிலிருந்து கையை எடுக்காமல் மோட்டாரைக் கழற்றிவிட்ட மிஷினைக் காலால் மிதித்தேன். எதிர் வீட்டு வாசலில் நாங்கள் உயர்த்தியிருந்த படியைப் பார்த்தார், என் பெயரை எழுதிக்கொள்ளாமலேயே போனார்.