ஏழு பேர் தேறாத வருடம்

இடக்கொச்சி மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கிய முட்டியில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்த கேப்டன் என் முகத்தையே பார்த்தார். "ஓட முடியுமாடா? உள்ளத சொல்லு" என்றார். வைத்தியர் ஆடலாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே போகக்கூடாது என்பதுதான் வைத்தியர் சொன்னது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களின் ஆட்கள் சேர்ந்து நடத்திய செவன்ஸ் குழு எங்களுடையது. அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தாட்டம். கேப்டன் மாநகராட்சியில் துப்புரவுப் பணியில் இருந்தார். விடியலில் ஓடைகளைச் சுத்தம் செய்துவிட்டு, மாலையில் எங்களை ஓடவைப்பார். நான் இஞ்சிக் கிடங்கில் மூட்டை சுமந்தேன். முந்தைய வருடம் இறுதிப் போட்டியில் ஒரே ஒரு கோலில் தோற்றிருந்ததால், இந்த வருடம் கோப்பை எங்களுக்குத்தான் என்று தெருவே பேசியது. புதுச் சட்டைகள்கூடத் தைத்துவிட்டோம்.

முதல் வாரத்திலேயே கோல்கீப்பரின் விரல் முறிந்தது. அணியில் இருந்த அண்ணன் தம்பி இருவரில் ஒருவனுக்குப் பயிற்சியில் கணுக்கால் பிசகியது, மற்றவன் வேலையிடத்தில் லாரியிலிருந்து விழுந்தான். கும்பளங்கியில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினோம். நாற்பதை நெருங்கிய கேப்டனே கோல் காக்க நின்றார். அந்த வருடத்தின் கடைசிப் போட்டியான இடக்கொச்சியில் மட்டும் எப்படியோ அரையிறுதிவரை வந்துவிட்டோம். நான் இறங்காவிட்டால் ஆறு பேர்தான்.

இரண்டாம் பாதியில் பந்தோடு திரும்பினேன். என்னை யாரும் தொடவில்லை. முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவன் தலையைத் தூக்கியபோது, ஆட்டம் நடந்துகொண்டிருக்க, கேப்டன் கோலை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், காலியான கோலுக்குள் பந்து மெதுவாக உருண்டு போனது. அதோடு அந்த வருடம் முடிந்தது. என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தவரை எங்கள் ஆட்களே ஏசினார்கள்.

மூட்டை சுமக்க முடியாமல் போய், ஒரு சாயாக்கடையின் கல்லாவில் உட்கார்ந்தேன். கேப்டன் அணியை விட்டு விலகினார். ஞாயிறுதோறும் சைக்கிளில் என்னை உழிச்சிலுக்கு அழைத்துப் போவார். எண்ணெய் தேய்த்து நீவிவிடும்போது வலியில் நான் பல்லைக் கடிக்க, வெளியே பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். உழிச்சில் நின்றபின்னும் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. "உன்னை இறக்கியிருக்கக் கூடாதுடா" என்பதைத் தவிர அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் வேறு எதுவும் பேசியதில்லை. என் மனைவியும் அவரைத்தான் குறை சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. பழியைச் சுமக்க வேறொருவர் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து பதினாறு வருடங்கள் அப்படியே போயின.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், கடையில் கூட்டமில்லாத மதியத்தில், வைத்தியர் உண்மையில் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். கிளாஸில் மிச்சமிருந்த சாயாவைக் குடித்து முடித்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நீ பொய் சொன்னது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். எனக்கும் ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு சாயா போடச் சொன்னேன். அதைக் குடித்துக்கொண்டே, நான் திரும்பிய அந்த நொடியில் இடது பக்கம் ஒருவன் தனியாக நின்றிருந்தானே, பந்தை அவனுக்குத் தள்ளியிருக்கலாமே என்று கேட்டார். அவன் நின்றதை நான் பார்க்கவில்லை என்றேன். இல்லை, பார்த்தாய் என்றார். சாயா ஆறும்வரை அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.