ஆம்பிளை அள்ளக்கூடாத தண்ணீர்

பேராச்சி வாழ்க்கைப்பட்டுத் தாராவிக்கு வந்தது சித்திரையில். ஆனி பிறந்ததும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவள் பிறந்த ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. கிணற்றுக்குள் தண்ணீர் வருவதே பெரிய காரியமாயிருந்த ஊர். ஆகவே வாசல் வழியாகவும் தரையைப் பொத்துக்கொண்டும் கறுப்பாகத் தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. புருஷன் சொரிமுத்து கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாய் வெட்டிய மண்ணெண்ணெய் டின் ஒன்றை அவள் பக்கம் தள்ளினான்.

“சிரிச்சது போதும். அள்ளு.”

“நீங்களும் ஒரு கை புடிங்களேன்.”

“வீட்டுத் தண்ணிய ஆம்பள அள்ளுனா அந்த வீடு வெளங்காதுட்டீ. ஒங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?”

சொல்லித் தரவில்லை. எங்கே சொல்லித் தருவார்கள்? வானம் பார்த்த பூமியில், வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் யார் அள்ளுவது என்று சட்டம் வகுக்க எந்தப் பெரியவருக்கும் அவசியம் நேர்ந்ததில்லை. அந்த வழக்கம் தாராவியிலேயே, ஏதோ ஒரு மழையில், ஏதோ ஒரு கட்டிலின் மேல் பிறந்திருக்க வேண்டும். ஆனால் சாமியோடு சேர்த்து ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைப்போல அந்த வரிசை வீடுகளில் எல்லா ஆண்களும் அதைச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு நாகூர் கனி ஒருவர்தான் விலக்கு. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே அள்ளுவார். மனைவி சைனப், படுக்கிற பாயையும் பானைகளையும் பரணில் ஏற்றுவாள்.

“பாய், அப்படியே சேலையும் கட்டிக்கிட வேண்டியதுதான?” என்று சொரிமுத்துவின் தம்பி பூலோகம் வாசலில் நின்று கேட்பான்.

“சேலை நனைஞ்சா கனக்கும்வே. அள்ளுறதுக்குக் கைலிதான் தோது” என்பார் அவர், டின்னை நிறுத்தாமல்.

பூலோகமும் அவன் பெண்டாட்டி இசக்கியும் அதே வீட்டின் பின்பாதியில் இருந்தார்கள். நடுவே ஒரு சாக்குத் திரை. அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் தோல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் வேலை. ஆனால் வீடு தம்பி பேரில் இருந்தது. அதனால் வீட்டில் தம்பி பேச்சே பேச்சு. இசக்கி கைப்பிள்ளைக்காரி, அவளை அள்ளச் சொல்ல முடியாது. கைப்பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அடுத்தது வந்துவிட்டது. பேராச்சிக்குப் பிறந்தது தங்கவில்லை. அதனால் இரண்டு பாதிக்கும் அவளே அள்ளினாள். மாட்டுங்காவில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து அள்ளுவாள். கால் விரலிடுக்கு வெந்து வெள்ளையாகிவிடும். தோல் கழுவிய தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் அதில் எது எத்தனை பங்கு என்று தெரியாமல் கலந்திருக்கும்.

இப்படிச் சில மழைக்காலங்கள் போன பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அள்ளி மாளாது, தரையை உயர்த்திவிட வேண்டும். செங்கல் உடைசலையும் மண்ணையும் கொட்டி மெத்தி முழங்கால் உயரம் ஏற்றிவிட்டால் தண்ணீர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும். வசதியான வீட்டார் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் அதற்கு வாய்ப்பும் அமைந்தது. அவள் வேலை பார்த்த மாட்டுங்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தை இடித்தார்கள்.

“அந்தக் கல்லும் மண்ணும் யாருக்கு வேணும்? ஒனக்கு வேணும்னா எடுத்துண்டு போயேன், பேராச்சி” என்றாள் வீட்டுக்கார வாலாம்பாள். கட்டடக் காவல்காரனிடம் ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தாள்.

வேலை முடிந்ததும் பேராச்சி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ரயில் பாலம் ஏறி இறங்கி, தாராவிச் சந்துகளில் ஆட்களை விலக்கிக்கொண்டு, வாசலில் கொட்டிவிட்டு மறுபடியும் நடந்தாள். பங்குனி வெயிலிலிருந்து வைகாசி வரைக்கும் இதுதான். உச்சந்தலையில் முடி தேய்ந்து வட்டமாகச் சொட்டை விழுந்தது. இசக்கி அதைத் தடவிப் பார்த்து, “அக்கா, வீடு ஏறுதோ இல்லையோ, ஒனக்கு நெத்தி ஏறிட்டு” என்று சிரித்தாள். பேராச்சியும் சிரித்தாள். இந்த மழைக்கு ஈரமில்லாத தரையில் படுக்கப்போகிறோம் என்ற நினைப்பில் எதற்கும் சிரிக்க முடிந்தது.

அவள் செய்த தவறு ஒன்றுதான். சுமந்தவள், கொட்டி மெத்தும் பொறுப்பைக் கொழுந்தனிடம் விட்டாள். தரை போடுவது ஆம்பிளை வேலை என்று பூலோகம் சொன்னான், அதையும் நம்பினாள்.

“பின்னால இருந்து ஆரம்பிச்சு முன்னால வருவோம் மதினி. அப்பதான் வாட்டம் சரியா இருக்கும்.”

பின்னாலிருந்து ஆரம்பித்தான். இறுக்கி மெத்தினான், முழங்காலுக்கு மேலேயே ஏற்றினான். சாக்குத் திரை வரைக்கும் வந்தபோது குவியல் தீர்ந்துவிட்டது. மாட்டுங்காவிலும் அதற்குள் கம்பி வேலி போட்டு எடுக்கவிடாமல் செய்துவிட்டார்கள். பூலோகம் தன் பாதியின் விளிம்பில் செங்கல் வரிசை கட்டி, சிமெண்டு பூசி, நடுவில் ஒரு மடையும் வைத்தான். மடை பேராச்சியின் பாதியைப் பார்த்துத் திறந்திருந்தது.

“எங்க பக்கம் எப்ப, கொழுந்தப்புள்ள?”

“அடுத்த கோடையில போட்டுருவோம் மதினி. எங்க போயிருது?”

அவள் புருஷனைப் பார்த்தாள். சொரிமுத்து பீடியைப் பற்றவைத்தான். “அவந்தான் சொல்லுதாம்லா. பெறகு என்ன?”

அந்த ஆனியில் மேல்பாதியில் கசிந்த தண்ணீரும் புழங்கிய தண்ணீரும் சேர்ந்து கீழ்ப்பாதியில் இறங்கியது. முன்பு கணுக்காலுக்கு நின்றது இப்போது கட்டில் காலில் பாதி நின்றது. இசக்கி தன் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பிள்ளைக்குச் சோறூட்டுவாள்.

“அக்கா, குத்தாலத்துக்குப் போவணும்னு சொன்னியே. அருவி வீட்டுக்கே வந்துட்டு பாரு!”

பூலோகம் சிரித்துவிட்டு, பிறகு நியாயமும் சொன்னான். “தண்ணி தாழ்ந்த எடத்துக்குத்தான போவும் மதினி. அதுக்கு நா என்ன செய்ய?”

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் சதை பிய்த்துக்கொண்டு போவதுபோல் வலித்தது. குனிந்தால் வீடு சுற்றியது.

“இன்னைக்கு ஒரு நாள் நீங்க அள்ளுங்க” என்றாள் சொரிமுத்துவிடம்.

“வெளங்காமப் போவணுங்கியா?”

“இப்ப மட்டும் வெளங்குதாக்கும்?”

அவன் அறையவில்லை. அதைவிடச் சுலபமான ஒன்றைச் செய்தான்; சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சர்க்கரை கேட்க வந்த சைனப் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “யா அல்லா, கண்ணு மஞ்சளா கெடக்கே! வா, எங்க வீட்ல வந்து படு. எங்க வீட்டு அவுஹ தண்ணியெல்லாம் எறைச்சுட்டாஹ.” கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பரண்மேல் ஏற்றிப் படுக்கவைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உலர்ந்த பாய். பேராச்சி அதை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கண்ணை மூடினாள்.

மத்தியானம் சொரிமுத்து வாசலில் வந்து நின்றான்.

“ஏட்டி, எந்திரிச்சு வா. கட்டிலு முங்கப் போவுது.”

“அண்ணாச்சி, அவ ஒடம்பு நெருப்பா கொதிக்கு” என்றாள் சைனப்.

“நீங்க வீட்டு விவகாரத்துல தலையிடாதீங்கம்மா. ஏட்டி, ஒன்னயத்தான்!”

நாகூர் கனி எழுந்து வந்தார். “சொரிமுத்து, நா வந்து அள்ளித் தாரேன். அவ கெடக்கட்டும்.”

“எங்க வீட்டுக்குள்ள அடுத்த வீட்டு ஆம்பள வந்து அள்ளவா? நல்லாருக்குவே ஒம்ம நாயம்.”

சத்தம் பெரிதாகுமுன் பேராச்சி பரணிலிருந்து இறங்கினாள். தன்னால் பாய் வீட்டுக்கு ஒரு சண்டை வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, சைனபின் கையை விலக்கிவிட்டு நடந்தாள். அன்றைக்கு முழுக்க அள்ளினாள். இசக்கி மேலேயிருந்து, “அந்த மூலையில நிக்கி பாரு அக்கா” என்று காட்டிக்கொடுத்தாள். இருட்டுவதற்கு முன் தண்ணீர் வற்றியது. சொரிமுத்து கட்டிலைத் தள்ளிப் பார்த்து, கால் ஊறவில்லை என்று திருப்தியடைந்தான்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நினைவு தப்பியிருந்தது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் இந்தியில் அதட்டினார். “பானி, சாப்” என்றான் சொரிமுத்து. அவள் அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

பதினாறு விசேஷத்துக்கு ஆட்கள் வருவார்கள். கல்யாணில் ரயில்வேயில் வேலை பார்த்த அவள் அண்ணன் வானமாமலை வருவார். கிட்டங்கி மேஸ்திரி வருவார். அவர்களைச் சேற்றிலா உட்காரவைப்பது என்று பூலோகம் கேட்டான். மழை கொஞ்சம் வெளித்திருந்தது. கிட்டங்கியில் கைவண்டி ஒன்று கேட்டு வாங்கிவந்தான். அப்படி ஒரு வண்டி அங்கே இருந்தது கோடை முழுக்க யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அண்ணனும் தம்பியும் சயான் பக்கம் போய்ச் செங்கல் உடைசல் ஏற்றிவந்தார்கள். இரண்டே நாளில் முன்பாதியும் ஏறிவிட்டது. மடையை அடைத்து, ஒரே மட்டமாகச் சிமெண்டு பூசினார்கள். சாக்குத் திரையையும் அவிழ்த்துவிட்டதில் வீடு விசாலமாகத் தெரிந்தது.

விசேஷத்தன்று வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வானமாமலை இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி தரையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

“புதுத் தரையா மாப்ள?”

“ஆமா மச்சான். ரெண்டு நாள்ல போட்டோம்” என்றான் சொரிமுத்து. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கையில் கொப்புளம் கண்டிருந்ததைக் காட்டினான்.

“இதை அவ இருக்கும்போதே போட்டிருக்கலாமே?”

சொரிமுத்து யோசித்தான். மறைக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

“அப்பந்தான் அள்ளுறதுக்கு ஆளு இருந்துச்சே மச்சான்.”

இசக்கி சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள். வானமாமலை அவள் காலடியில் ஈரமில்லாத தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்து இலைக்காரர் முழங்கையால் இடித்ததும், போடும்படி கையைக் காட்டினார்.