ஆத்தா புடவை கட்டிய பட்டர் ப்ரூட் மரம்

மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து எங்கள் நிலத்துக்கு இறங்கும் சரிவில் நிற்கும் பட்டர் ப்ரூட் மரத்தை வெட்டியே தீருவது என்று என் கணவரின் அண்ணன் முடிவெடுத்தார். முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கல்யாணமாகி வந்த வருஷம் நான் நட்ட கன்று அது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் நான். வெட்டச் சொல்ல இவர் யார்?

எல்லாம் ஒரு வெள்ளை ஈயால் வந்த வினை. வெளிநாட்டிலிருந்து வந்ததாம். இலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளையாய் முட்டையிட்டது. இலையின் மேலே பிசுபிசுவென்று வடிந்து, அதில் கரி பூசியதுபோல் பூசணம் படர்ந்தது. கீழே இருந்த அவருடைய மரவள்ளியிலும் வெள்ளை தெரிந்ததும், மனிதருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“உன் மரத்துல இருந்துதான் எல்லாம் எறங்கிக்கினு வருது. வெட்டிப் போடு” என்றார்.

“ஊருல தென்னை மரம் பூரா இருக்குதே மாமா, அதையெல்லாம் யாரு வெட்டுறது?” என்று கேட்டேன்.

என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அண்ணன் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சங்கராபுரத்துப் பூச்சிமருந்துக் கடையில், அடித்தால் செத்துவிடும் என்று ஒரு புட்டியை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. தோட்டக்கலைக்காரர்கள் நடத்திய கூட்டத்தில் கேட்டிருந்தேன்: விஷம் அடித்தால் அந்த ஈயை அழிக்கிற குட்டிக் குளவியும் சாகும், ஈ முன்னைவிட ஜாஸ்தியாகும். தண்ணீரைப் பீய்ச்சி இலையைக் கழுவ வேண்டும். மஞ்சள் நிறத்தைத் தேடி ஈ வரும் என்பதால், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்ட வேண்டும். கழுவினேன், கட்டினேன். மலைமழையில் தாள் கிழிந்து போனது.

அப்போதுதான் பெட்டியில் இருந்த புடவைகள் நினைவுக்கு வந்தன. ஆடியில் காப்புக் கட்டி மாரியம்மனுக்கு விரதம் இருக்கும்போது நாங்கள் மஞ்சள் புடவைதான் உடுத்துவோம். கூழ் ஊற்றி முடிந்ததும் துவைத்து மடித்து வைத்துவிடுவோம். அடுத்த ஆடி வரை வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். நான் எடுத்தேன். அடிமரத்தில் ஒன்றைச் சுற்றி, கிளைகளுக்கு நடுவே இன்னொன்றை விரித்துக் கட்டி, விளக்கெண்ணெயை வழிய வழியப் பூசினேன்.

என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆத்தா புடவையில பூச்சி புடிக்கிறியே, உனக்கு இன்னா கொழுப்பு?”

“ஆத்தாளுக்குக் கோவம் வந்தா எங்கிட்ட வரட்டும். நான் பேசிக்கிறேன்” என்றேன். பயம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

புடவையில் ஈ அப்பிக்கொண்டு வந்தது. ஆனால் கணவரின் அண்ணன் பொறுக்கவில்லை. ஒருநாள் காலை மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டிலிருந்து மரம் வெட்டும் ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள். மஞ்சள் புடவை, எண்ணெய் மினுமினுப்பு. கோடரியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள்.

“அம்மன் மரம்ங்க. நாங்க கை வைக்க மாட்டோம்” என்றார் பெரியவர்.

“அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல, பூச்சிக்குக் கட்டுனதுய்யா” என்று கத்திய அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு.”

ஆமாம், அம்மன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மரம் பிழைத்துவிடும். பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய நிலைமையில் என் மரம் இல்லை.

“பூச்சிக்குத்தான் கட்டுனேன். ஆனா நான் விரதம் இருந்த ஆத்தா புடவைதான் அது. வெட்டணும்னா நீங்களே உங்க கையால அவுத்துட்டு வெட்டுங்க மாமா.”

எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் ஓர் அடி முன்னால் வந்தார். முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் ஓரகத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் அவளுடைய மஞ்சள் புடவை.

“மரத்துக்கு இன்னும் ஒண்ணு வேணுமாடி?” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

“எம் மரத்துக்குப் போதும்க்கா. கொண்டு போய் உங்க மரவள்ளியில கட்டுங்க. இருங்க, வெளக்கெண்ணெ எடுத்தாறேன்.”