இறுகிப்போன அச்சும் அத்தை மகனும்

எங்கள் அப்பாவிடம் கார் இருந்தது என்று சொன்னால் நாங்கள் ஏதோ வசதியான குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், சீமைக்குத் திரும்பும்போது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. அதைத்தான் அப்பா திண்டுக்கல்லில் வாடகைக்கு ஓட்டினார். எங்களுக்குச் சோறு போட்டதே அந்தக் கார்தான் என்றாலும் நான் ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்து போனதில்லை. சவாரி வண்டியில் வீட்டுப் பிள்ளைகள் ஏறிப் பழகக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். துடைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், ஏறக் கூடாது.

ஒன்பது வயது வரை அந்தச் சட்டத்தில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. அத்தை மகன் வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. மாமா பிழைப்புக்காக இலங்கைக்குப் போனவர். இரண்டு வருஷமாக அவரிடமிருந்து கடுதாசியே இல்லை. அத்தை ஒரு தகரப் பெட்டியோடு பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அம்மாவை ஒரு பாத்திரம் தொடவிடவில்லை. யாரும் சொல்லாமலே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். அவள் மகனும் அப்படித்தான், அப்பா இருமினால்கூட எழுந்து ஓடி வருவான்.

அப்பா அவனை "மாப்ளே" என்று கூப்பிட்டார். தங்கை மகனை அப்படிக் கூப்பிடுவது ஊர் வழக்கம்தான். ஆனால் என்னைக் கூப்பிடுவது "ஏ கழுதை" என்று. இத்தனைக்கும் ஸ்பேனர்களில் எது எந்த நட்டுக்குச் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். அவனோ ஒவ்வொரு தடவையும் தப்பான ஸ்பேனரை எடுத்து வந்து நீட்டுவான். "இதில்ல மாப்ளே, அடுத்தது" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். போதாக்குறைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள், முறை மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட்டான் என்று என்னைக் கேலி செய்வார்கள். அவனை அந்தக் காருக்கே கட்டிவைக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை காரின் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போனது. மறுநாள் சாயங்காலம் தாடிக்கொம்பில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியை ஒப்புக்கொண்டிருந்தார் அப்பா. அதற்கு முந்தின முகூர்த்தத்தில் வண்டி நடுத்தெருவில் நின்றுபோய், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே இறங்கித் தள்ளும்படி ஆகிவிட்டது. இந்தத் தடவையும் ஏதாவது நேர்ந்தால் அப்புறம் ஒருவரும் அப்பாவைக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே அன்று பிரேக்கைச் சரிசெய்தே ஆகவேண்டும். அதற்குச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் டிரம்மைக் கழற்ற வேண்டும். மற்ற மூன்றும் கழன்றுவிட்டன. பின்பக்கத்து இடது டிரம் மட்டும் அச்சோடு அச்சாக இறுகிக் கிடந்தது. எத்தனை வருஷத்துத் துருவோ, அசையவே இல்லை.

அப்பாவுக்குப் பொறுமை என்பது கிடையாது. அச்சின் முனையில் இருந்த பெரிய நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சம்மட்டியை எடுத்து வெறும் முனையில் நாலு போடு போட்டார். டிரம் அப்படியே இருந்தது. அச்சில் நட்டு சுற்றி ஏறும் மரைதான் நசுங்கியது. அதற்குப் பிறகுதான் பட்டறை பாய்க்கு ஆள் அனுப்பினார்.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தவர் பாய். வந்து குனிந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நட்டை மாட்டாமயா அடிச்சீங்க? மரை பூராம் போச்சேண்ணே!"

அரத்தை வைத்து ராவி ராவி, நட்டு ஏறும் அளவுக்கு மரையைச் சரிபண்ணினார். பிறகு டிரம்மை இழுக்கும் கருவியை மாட்டி முறுக்கினார். கருவியின் கால் வளைந்ததே தவிர டிரம் நகரவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இனி ஒரே வழிதான் இருக்கிறது என்றார். சக்கரத்தை மறுபடி மாட்டி, அச்சு நட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, மேடுபள்ளத்தில் வண்டியை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். கனமும் குலுக்கலும் சேர்ந்தால் டிரம் தானாக விட்டுவிடும். விடும்போது சக்கரம் வெளியே ஓடிவிடாமல் அந்த நட்டு பிடித்துக்கொள்ளும்.

"ஆனா இப்ப அது பாதி மரையிலதான் நிக்குது" என்றார் பாய். "பிடிச்சாலும் பிடிக்கும், பிடுங்கிக்கிட்டாலும் பிடுங்கிக்கிரும். ஜும்மா தொழுதுட்டு வாரேன், நானே ஓட்டுறேன். ஒத்தையாத்தான் ஓட்டணும். வேற ஒரு ஈ காக்கா வண்டியில இருக்கக் கூடாது."

நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். அம்மா, அத்தை, அவன், நான். பாய் சொன்னது என் காதிலும் விழுந்தது. மேடுபள்ளத்தில் வளைத்து வளைத்து என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது.

பாய் தெருமுனை திரும்பியதுமே அப்பா தானே சக்கரத்தை மாட்டி, நட்டைத் தளர்த்தி, வண்டியைக் கிளப்பிவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குளம் வறண்டு கட்டாந்தரையாகக் கிடந்தது. இடது பக்கம் கனம் வேண்டும் என்று பின்சீட்டில் மூன்று மணல் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு, குளத்துக்குள் எட்டுப் போட்டார். பத்துத் தடவைக்கு மேல் சுற்றியிருப்பார், டிரம் விடவில்லை. விட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது, எஞ்சின் போட்ட இரைச்சல் அப்படி. வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சக்கரத்தைப் பாத்துக்கிட்டே வர ஒரு ஆள் வேணும். விட்டுச்சுன்னா சத்தம் போடணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சீட்டுத் தோல் வெயிலில் சுட்டது, எனக்கு ஆனந்தமாக இருந்தது. இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? நட்டு எது, டிரம் எது என்று எனக்குத்தானே தெரியும்! அப்பா இறங்கிச் சுற்றி வந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார்.

"நீ வேணாம். அம்மாகிட்டப் போய் நில்லு."

"நாந்தான் மொதல்ல ஏறுனேன்! நானும் வாரேன்ப்பா!"

"போன்னா போ." அப்பா என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். "மாப்ளே, நீ ஏறு."

அவன் துள்ளி ஏறினான். அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் ஒரு கண்ணாடி வளையல் நொறுங்கிவிட்டது, அப்போதும் விடவில்லை. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அண்ணே..." என்றாள். அப்பா திரும்பிப் பார்த்ததும், "ஒண்ணுமில்லண்ணே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகனுக்குக் கிடைத்த பெருமையில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்தேன். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றியது. அவன் இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்களைக் கடக்கும்போதெல்லாம் கையை வேறு ஆட்டினான். ஒவ்வொரு சுற்றிலும் நான் சாமியை வேண்டினேன். டிரம் விடவே கூடாது, அவன் சத்தம் போடவே கூடாது, அவனால் ஒன்றும் ஆகவில்லை என்று அப்பா என்னைக் கூப்பிட வேண்டும். வண்டி எங்கள் பிழைப்பு என்பதோ, மறுநாள் கல்யாணம் என்பதோ எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

நாலாவது சுற்றில் வெடி போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. நட்டு பிடிக்கவில்லை, பிடுங்கிக்கொண்டது. சக்கரம் தனியாகக் கழன்று உருண்டு போனது. கார் இடது பக்கம் அப்படியே உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டு நின்றது. கதவு திறந்து ஒரு மூட்டை வெளியே விழுந்தது, அதன்மேல் அவன் விழுந்தான். புழுதி அடங்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவன் தலை முழுக்க மண்ணோடு எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "மாமா, விட்டுருச்சு! விட்டுருச்சு!" என்று கத்தினான்.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பா இறங்கி வந்து அவன் கை காலையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அத்தை ஓடவில்லை, மெதுவாக நடந்து போனாள். போய், அவன் முதுகில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். அவள் அவனை அடித்து அதுவரை நான் பார்த்ததில்லை. சாமி சரியான கூலி கொடுத்தது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "விடு தங்கச்சி" என்றார் அப்பா. அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

பாய் வந்து அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனாலும் எங்கிருந்தோ வேறு அச்சைத் தேடிக் கொண்டுவந்து மாட்டி, மறுநாள் மதியத்துக்குள் வண்டியைத் தயார் பண்ணிக் கொடுத்தார். தாடிக்கொம்புக்குப் புறப்படும்போது அப்பா தன் சட்டத்தைத் தானே மீறினார். முன்சீட்டில், தனக்குப் பக்கத்தில், அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். போகிற வழியில் அல்வா வாங்கித் தருவதாகவும் சொன்னார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கார் போன பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தை வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஏன் அழுகிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"அப்பாவுக்கு என்னைய விட அவன்தான் ஒசத்தி அத்தை. என்னைய எறக்கிவிட்டுட்டு அவனைத்தான ஏத்துனாரு."

அத்தை அரிவதை நிறுத்தினாள். பிறகு முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆமா தாயி. உங்கப்பாவுக்கு அவன்தான் ஒசத்தி" என்றாள்.

அத்தையே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.